பாப்பாவுக்குத்தானுங்க

என் தோலுக்கு ஒரு கேடும் இருந்ததில்லை. இது எனக்குத் தெரியவந்தது போன வருஷம்தான். மகளுக்கு ஊசி போடக் கூட்டிப்போயிருந்தோம். அவள் கன்னத்தில் லேசான சொரசொரப்பைப் பார்த்த டாக்டர், குடும்பத்தில் யாருக்காவது தோல் சம்பந்தமாக ஏதாவது உண்டா என்று கேட்டார். எனக்கு இருந்தது என்று நான் ஆரம்பித்தேன். சின்ன வயதில் எனக்காக வீட்டிலேயே எண்ணெய் போட்டார்கள், பொடி அரைத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீடே அந்த வேலையாகத்தான் இருக்கும் என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா குறுக்கே வந்தாள்.

"இவளுக்குச் சின்னதுல ஒண்ணும் இருந்ததில்லீங்க. நல்ல தோலுங்க. அவங்க அத்தைக்குத்தானுங்க இருந்துச்சு. வெண்புள்ளி."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது. வீடு திரும்பும்போது ஆட்டோவில் கேட்டுக்கேட்டு வாங்கினேன். சிங்காநல்லூர் சிக்னலில் நின்ற நேரத்தில் பாதி, வீட்டு வாசலில் இறங்கிய பிறகு மீதி என்று சொல்லி முடித்தாள். நான் பார்த்ததையும் அவள் சொன்னதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அப்பாவைப் பெற்றவர்கள் இருவருமே சீக்கிரம் போய்விட்டதால் அத்தைக்கு அண்ணன் வீடுதான் வீடு. அது சூலூரில் இருந்தது. வீடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன், தறிக்கொட்டகையின் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த மூன்று அறைகள், மேலே ஒரு மொட்டை மாடி, அவ்வளவுதான். அப்பா கூலிக்குத் தறி ஓட்டினார். தறி ஓடும்போது எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை, கத்துவோம். உப்பு எங்கே என்பதற்கும் கத்தல்தான், சாப்பிட வாங்க என்பதற்கும் கத்தல்தான். ஃபோன் செய்கிற சொந்தக்காரர்கள் ஏனுங்க சண்டை போட்டுட்டிருக்கறீங்க என்று கவலையாகக் கேட்பார்கள். சத்தமில்லாமல் பேசத் தெரிந்தவள் அத்தை ஒருத்திதான். சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் வந்து காதோடு சொல்லிவிட்டுப் போவாள். காலேஜ் முடித்திருந்தாள். கல்யாணம் ஆகிறவரைக்கும் என்று சொல்லிக்கொண்டு கொட்டகையில் நூல் சுற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், ஆடிக் காற்றில் என் முழங்காலில் வெள்ளையாகப் பூத்தது. எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த மாதத்தில் பூக்கும். தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தடவினால் போய்விடும். அத்தை அதற்கு விடவில்லை. என் அம்மாவை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள், அண்ணன் மனைவியை எங்களில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நங்கை, பாப்பாவுக்குத் தோல் ரொம்ப வறண்டு கெடக்குதுங்க. கடைச் சோப்பெல்லாம் வேண்டாமுங்க. ஊட்டுலயே ஏதாச்சும் செஞ்சு போட்டாத் தேவலைங்க."

"ஆமா அம்மணி. பாப்பாவுக்குச் செய்யலாம்" என்றாள் அம்மா. இது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. என் முழங்காலைப் பற்றிப் பேசும்போது இரண்டு பேரும் என் முழங்காலைப் பார்க்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு கோவைக்குப் பஸ் ஏறினாள். டவுன்ஹால் பக்கத்தில் ஒரு நாட்டு மருந்துக்கடை. உள்ளே போனதும் வாசனை மூக்கில் ஏறி நான் தும்மிக்கொண்டே இருந்தேன். அத்தை என் தோளைப் பிடித்துத் தனக்கு முன்னால் நிறுத்தினாள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்ன வேண்டும் என்றார்.

"பாப்பாவுக்குங்க. குளிக்கிற பொடி அரைக்கோணுமுங்க."

ஆவாரம்பூ, ரோஜா மொட்டு, பூலாங்கிழங்கு, வெட்டிவேர் என்று அவள் சொல்லச் சொல்ல அவர் காகிதத்தில் மடித்துக்கொண்டே போனார். எல்லாம் பைக்குள் போன பிறகு, அப்போதுதான் ஞாபகம் வந்தவள் மாதிரி, "கொஞ்சம் கார்போகரிசியுங்க" என்றாள். கறுப்பாக, நசுங்கிய மிளகு மாதிரி ஒரு விதை. கடைக்காரர் என் கையைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார்.

"பாப்பாவுக்குன்னா இது வேண்டாமுங்க அம்மணி. பெரியவங்களே பாத்துத்தான் போடோணும். எண்ணெயில ஊற வெச்சுத் தடவீட்டு வெயில்ல நின்னாக் கொப்பளிச்சுப் போகுமுங்க."

"செரிங்க" என்ற அத்தை, அவர் மடித்துக் கொடுக்கும்வரை நகரவில்லை. "பாப்பாவுக்குத்தானுங்க" என்று இன்னொரு முறையும் சொன்னாள். எனக்கு அந்தக் கடைக்காரர் மேல் கோபம் கோபமாக வந்தது. அத்தை எனக்காக ஆசைப்பட்டுக் கேட்பதைத் தர இவருக்கு ஏன் மனசு வரவில்லை? பஸ்ஸில் வரும்போது அந்தப் பொட்டலத்தை மட்டும் நானே மடியில் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் மொட்டை மாடி என்னுடையதாகிவிட்டது. எனக்கான பச்சைப்பயறு ஒரு பக்கம் காய்ந்தது, எனக்கான பூ ஒரு பக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று சும்மா இருக்காது, ஆவாரம்பூவை அள்ளிக்கொண்டு போய்த் தறிக்கொட்டகைக்குள் போட்டுவிடும். நூலில் பூ விழுகிறது என்று கீழேயிருந்து அப்பா கத்துவார். அதனால் தறியிலிருந்து வந்த காடாத் துணியை மேலே போர்த்தி மூலைக்கு மூலை கல் வைத்தோம். மாவு மில்லில் யாராவது மிளகாய் அரைப்பதற்கு முன்னால் போய்விட வேண்டும். ஒரு முறை தாமதமாகப் போனதில் மிளகாய்க் காரம் ஒட்டிய பொடியில் குளித்து நான் அலறிய அலறல் தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டதாக அப்பா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அரைத்து வந்ததை அதே காடாத் துணியில் அத்தை சலிப்பாள். சலித்ததை மறுபடியும் சலிப்பாள். "பாப்பாவுக்குக் கீறக்கூடாது" என்பாள்.

எண்ணெயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காங்கேயத்தில் கொப்பரைக் களத்தில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் அண்ணன், தேங்காயெண்ணெய் கொடுத்துவிடுவார். அத்தை வெட்பாலை இலையைக் கையாலேயே கிள்ளி, கண்ணாடி பாட்டிலில் போட்டு, மேலே எண்ணெயை ஊற்றி மாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலுக்கு வைப்பாள். நாள் போகப் போகப் பச்சை இலை போட்ட எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். பள்ளிக்கூடம் போகுமுன் மாடிக்கு ஓடி அதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். என் யூனிஃபார்ம் காலரில் அந்த நிறம் ஏறியிருந்தது. ஏன் இப்படி என்று டீச்சர் கேட்டதற்கு வகுப்பு முழுவதும் கேட்கும்படி என் தோலின் கதையைச் சொன்னேன். இடைவேளையில் பிள்ளைகள் என் கையைத் தொட்டுப் பார்க்க வரிசையில் வந்தார்கள். சாதாரணத் தோலோடு பிறந்தவர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

இன்னொரு சின்ன பாட்டிலும் இருந்தது. கறுப்பு விதை போட்டது. அதை அத்தை என் மேல் ஒரு நாளும் தடவியதில்லை. எனக்கு எப்போது என்று கேட்டால், "நீ பெரிய பொண்ணானப்பறம்" என்று சொல்லி அலமாரிக்குள் வைத்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பலகையைப் போட்டு என்னை உட்கார வைப்பாள். பொடியைக் குழைத்து முதுகில் தொடங்குவாள். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், விரல் இடுக்கில் என்று ஒரு இடத்தையும் விடமாட்டாள். அம்மா குளிக்க வைத்தால் கண்ணில் விழும், அவசரமாக இருக்கும், நடுவில் அடுப்பைப் பார்க்க எழுந்து போவாள். அத்தையின் கைக்கு வேறு வேலையே கிடையாது என்று தோன்றும். அந்த நேரத்தில் எனக்கு யார் மேலும் எந்தக் குறையும் இருக்காது. அப்படிப்பட்ட சந்தோஷம் பிறகு எனக்கு அதிகம் வாய்க்கவில்லை.

சித்திரை வெயிலிலும் அத்தை முழுக்கை சுடிதார்தான் போடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேய்க்கக் கையை மடித்து விட்டபோது முழங்கை மடிப்பில் வெள்ளையாக இருந்தது.

"அத்தை, மாவு ஒட்டீருக்குதுங்க."

அத்தை அதைப் பார்த்தாள். "ஆமாங் கண்ணு. குளிச்சாப் போயிரும்."

நான் ஈர விரலால் தேய்த்தேன். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அவள் கையை எடுத்துக்கொள்ளாமல், நான் தேய்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "உடு கண்ணு, நான் அப்பறம் நல்லாத் தேய்ச்சுக்கறேன்" என்றாள். காதுக்குப் பின்னாலும் அதே மாதிரி மாவு இருந்தது. பொடி சலிக்கிறவள் மேல் பொடி பறக்கத்தானே செய்யும் என்று நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அப்பா சாப்பிட வரும்போது தினமும் ஒரு கேள்வி கேட்பார். என்னிடம் கேட்கமாட்டார், அத்தையிடம் கேட்பார்.

"பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குது?"

"கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி இருக்குதுங்ணா" என்பாள் அத்தை. சில நாள், "அப்படியேதான் இருக்குதுங்ணா."

"பெருசாகலையில்ல?"

"இல்லீங்ணா."

அப்பா அதற்கு மேல் கேட்காமல் சோற்றைப் பிசைவார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து என் முழங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அப்பாவிடம் யாரும் சொல்லவே இல்லையாம். அவராகவே எப்போதோ பார்த்திருக்கிறார். தங்கையின் உடம்பில் இருக்கிற ஒன்றைப் பற்றி அண்ணன் வாய்விட்டுக் கேட்கிற வழக்கம் எங்களில் இல்லை. அதனால் என்னை வைத்துக் கேட்டார், அவளும் என்னை வைத்தே பதில் சொன்னாள். நான் இதொன்றும் தெரியாமல், வீடே என்னை விசாரிக்கிறது என்று உச்சி குளிர்ந்துபோயிருந்தேன்.

தை மாதத்தில் பல்லடத்துப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. ஜாதகம் பார்த்து, பொருத்தம் எல்லாம் சரி என்றான பிறகுதான் பெண் பார்க்க நாள் குறித்தார்கள். நாள் குறித்ததிலிருந்து அத்தை உச்சி வெயிலில் மாடிக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு சனிக்கிழமை நானும் பின்னாலேயே போனேன். கையை மடித்து விட்டு, முழங்கையை வெயிலுக்கு நீட்டி, ஒரு கையால் கூந்தலைக் காதுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது. சின்ன பாட்டில் பக்கத்தில் இருந்தது.

"என்னங்கத்தை பண்றீங்க?"

"பூ காயுதான்னு பாத்துட்டிருக்கறேன் கண்ணு."

அன்றைக்குக் காயப்போட்ட பூ ஒன்றும் இல்லை. பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் கை கொப்பளித்துவிட்டது. அம்மா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் கைக்கு விசிறியபடியே திட்டினாள். திட்டு முடிந்ததும் வெள்ளைத் துணியைக் கிழித்துக் கட்டினாள். "பாப்பாவுக்கு எண்ணெய் காய்ச்சும்போது தெறிச்சுப்போச்சுன்னு சொல்லிக்கலாம். நான் சொல்றேன். நீ வாயத் தொறக்காத அம்மணி" என்றாள். அவ்வளவு பிரியமாக என் அம்மா வேறு யாருக்காகவும் பொய் சொன்னதாக எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளையின் அம்மா சாந்தமான மனுஷி. காப்பியைக் குடித்துவிட்டு, கைக்கு என்னங்க என்று கேட்டார். அம்மா சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார்.

"இங்க வா சாமி."

ஓடிப் போய் நின்றேன். வாசல் வெளிச்சத்துக்கு என்னைத் திருப்பி, கையை நீட்டச் சொல்லி இரண்டு பக்கமும் பார்த்தார். முழங்காலையும் பார்த்தார். "புள்ளைக்குத் தோல் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

"அத்தை செஞ்ச பொடியிலதானுங்க நல்லாப் போச்சு" என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து என் கன்னத்தைத் தட்டினார். அதற்குப் பிறகு அத்தையை ஒரு முறை நிதானமாகப் பார்த்தார். கட்டியிருந்த கையை, முன்னால் இழுத்துவிட்டிருந்த கூந்தலை, காதை மறைத்துத் தொங்கிய மல்லிகைச் சரத்தை. கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். அந்த வாரக் கடைசியில் தரகர் ஃபோன் செய்து ஜாதகம் பொருந்தவில்லை என்றார். "ஜாதகம் பாத்துட்டுத்தான வந்தாங்க?" என்று அப்பா ஒரு முறை கேட்டார். பிறகு தறியை ஓட்டப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலகை போடவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. பொடி டப்பா அடிமட்டத்துக்கு வந்திருந்தது, யாரும் மில்லுக்குப் போகவில்லை. மாடிச் சுவரில் எண்ணெய் பாட்டில் தூசி படிந்து நின்றது. எனக்குக் காரணம் தெளிவாகப் புரிந்தது. அந்த அம்மா வந்து என் தோல் நன்றாக இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். குணமாகிவிட்டவளுக்கு எதற்குப் பொடியும் எண்ணெயும்? நூல் சுற்றிக்கொண்டிருந்த அத்தையிடம் போய், எனக்கு நிஜமாகவே சரியாகிவிட்டதா என்று கேட்டேன்.

"உனக்கு எப்பவோ நல்லாப் போச்சு கண்ணு" என்றாள். கை நிற்கவில்லை, என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

எனக்கு அழுகை வந்தது. என் வியாதியை எப்படியாவது திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது, வெள்ளையாக இருக்கும் என்று மட்டும் தெரியும். முழங்காலில் பூப்பதெல்லாம் போதாது, அதை அந்த அம்மாவே பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றுவிட்டார். அத்தை மேல் ஒட்டியிருந்த மாவுதான் எடுப்பாக, ஓரம் வைத்து வரைந்த மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சாக்பீஸ் கொண்டுவந்து, தண்ணீரில் நனைத்து, முழங்கை மடிப்பில் பொறுமையாகப் பூசினேன். காதுக்குப் பின்னால் கண்ணாடியில் தெரியவில்லை, குத்துமதிப்பாகப் பூசிக்கொண்டேன். காய்ந்ததும் பார்த்தேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

சாயங்காலம், தறி ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் அம்மாவும் அத்தையும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்று, "எனக்கு மறுபடியும் வந்துருச்சு" என்று கத்தினேன். முதலில் கையைக் காட்டினேன். பிறகு முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினேன்.

அத்தையின் கையிலிருந்த குண்டா தரையில் உருண்டது. அம்மா என்னைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததேயில்லை. அத்தையின் பக்கம் திரும்பி அம்மா கத்த ஆரம்பித்தபோது தறி ஓடிக்கொண்டிருந்தது, கத்தி முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. அந்த வருஷங்களில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டைக்கு நிற்கத் தெரியவில்லை.

"...உன்ற கையால தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் புள்ளைக்கும் ஒட்டிக்கிச்சு. உன்ற கையில எதுக்கு இவளை உட்டேன்."

கொட்டகையில் அப்பாவுக்குக் கேட்டது. தறி ஓட்டுகிறவர்களுக்கும் கேட்டது. அனேகமாகத் தெருவுக்கும் கேட்டிருக்கும்.

அத்தை என்னைத் தொட்டிக்கு இழுத்தாள். தண்ணீரை மொண்டு ஊற்றி முழங்கையைத் தேய்த்தாள். வெள்ளை கரைந்து என் மணிக்கட்டு வழியாகத் தரையில் ஓடியது. காதையும் தேய்த்தாள், அதுவும் போனது.

"சாக்பீஸுங்க நங்கை" என்றாள். "பாருங்க. வெறும் சாக்பீஸு. போயிருச்சு, பாருங்க."

அம்மா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். என்னை இழுத்து முதுகில் இரண்டு வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். கொட்டகையிலிருந்து வந்த அப்பா என்னவென்று தெரிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவும் சிரித்தாள். எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தது அத்தைதான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் தோளில் இருந்த தன் கையைப் பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டாள். துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு ஓரடி தள்ளி நின்றாள்.

"அம்மணி, நான் என்னமோ பதட்டத்துல..." என்று அம்மா தொடங்கினாள்.

"அதுக்கென்னங்க நங்கை. நீங்க புள்ளையப் பாருங்க."

அம்மா இன்னும் ஏதோ சொன்னாள். அதற்குள் கரண்ட் வந்து தறிகள் ஓடத் தொடங்கிவிட்டன. அவள் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

தொட்டால் ஒட்டுகிற நோய் இல்லை அது. அத்தைக்கு அது தெரியும். அம்மாவுக்கும் தெரியும், அவளேதான் அத்தையை டாக்டரிடம் கூட்டிப்போய்க் கேட்டு வந்தவள். தெரிந்தும் வாயில் அது வந்துவிட்டது. மற்ற எல்லாவற்றையும் சொன்ன அம்மா அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. ஆட்டோவில் நான் நினைவுபடுத்தியபோது ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த வருஷம் முடிவதற்குள் அத்தை கோவையில் ஒரு பெண்கள் விடுதியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். இப்போது அங்கே வார்டன். வெள்ளை முகத்துக்கும் கைகளுக்கும் வந்துவிட்டது. அது விடுதிக்குப் போன பிறகு வந்தது என்றுதான் போன வருஷம்வரை நினைத்திருந்தேன். அவளும் மறைப்பதை விட்டுவிட்டாள், அரைக்கை ஜாக்கெட்தான் போடுகிறாள். கல்யாணம் நடக்கவில்லை. என் மகள் பிறந்ததிலிருந்து மாதம் தவறாமல் குளியல் பொடி அனுப்புகிறாள், துணியில் இரண்டு முறை சலித்தது. நேரில் வந்தால் தொட்டிலுக்குப் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பாள். நீங்களே குளிக்க வையுங்கள் என்று ஒரு முறை குழந்தையை நீட்டினேன். "எனக்குக் கை நடுங்குது கண்ணு. நீயே ஊத்தி உடு" என்றாள். அவள் கை நடுங்கவில்லை.

சாக்பீஸுக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். நான் ஆசைப்பட்டது நடந்திருந்தது. அத்தை அந்த வாரமே மில்லுக்குப் போய்ப் புதுப் பொடி அரைத்துக்கொண்டு வந்தாள், கறுப்பு விதை மட்டும் வாங்கவில்லை. பலகை போட்டிருந்தது. நான் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து அத்தையைக் கூப்பிட்டேன். அம்மாதான் உள்ளே வந்தாள். அத்தைதான் வேண்டும் என்று அடம் பிடித்தேன். சாக்பீஸை இனிமேல் தொடவே மாட்டேன் என்று கதவைப் பார்த்துக் கத்தினேன்.

"நீ ஒண்ணும் பண்ணலை கண்ணு" என்று வெளியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "அம்மா நல்லாத் தேய்ச்சு உடுவாங்க."

அம்மா பொடியைக் குழைத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னாலங்க நங்கை. கழுத்து மடிப்புலங்க. வெரல் எடுக்குல உட்டுப்போடாதீங்க. அவள் சொல்லச் சொல்ல அம்மாவின் கை அந்த அந்த இடத்துக்குப் போனது. அத்தைக்கு என் மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக இருந்தால் அடுத்த வாரம் அவளே வருவாள் என்று, பொடி கண்ணில் விழுந்தும் அழாமல் உட்கார்ந்திருந்தேன்.